காலியென்று நினைத்த கட்டம்

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு என் பழைய வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"ஜாலியா எழுதுங்க சார். பூட் ஆகும்போது மெமரிய பங்கு போடுறதெல்லாம் இப்ப யாரும் கையால பண்றதில்ல. டூலே எழுதிக் குடுத்துடுது. அந்தக் காலத்துல எப்படிக் கஷ்டப்பட்டீங்கன்னு படிச்சா எங்களுக்கும் தமாஷா இருக்கும்" என்றார் அதில் ஒருவர்.

ஒரு பக்கத்தில் அடங்காது. தமாஷாகவும் வராது. டூல் எழுதட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த இடம் காலி, எந்த இடம் காலி இல்லை என்று அந்த டூலுக்கு யாரோ ஒரு ஆள்தானே சொல்கிறார்? அந்த ஆள் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதுகிறேன். போடுவதானால் முழுவதையும் போடட்டும்.

முதலில் என்னைப் பற்றி. நான் பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்க்கோடியில் ஓரிக்கை வரை போய்விட்டு, பூட்டினேனா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டிவி ரிப்பேர் கடையில் ஆறு வருஷம். அப்புறம் ஏனாத்தூர் போகிற சாலையில் இருந்த இந்தக் கம்பெனியில் சால்டரிங் வேலை. போர்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, சீரியல் கேபிள் மாட்டி, பெட்டி உயிர் பெறும்போது திரையில் ஓடும் ஆங்கில வரிகளைப் பார்க்கச் சொன்னார்கள். கடைசி வரி வந்தால் போதும், மற்றது உனக்குத் தேவையில்லை என்றார்கள். எனக்கோ, நடுவில் ஒரு வரி மாறினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப் பயந்து பயந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டு, அகராதி பார்த்து, கடைசியில் அந்த வரிகளை எழுதும் புரோகிராமுக்குள்ளேயே போய்விட்டேன். பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

கம்பெனி செய்தது தறிப் பெட்டி. பட்டுத் தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு என்று டிசைன் எழுப்பும் எந்திரம் இருக்கும். எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அதன் கொக்கிகளுக்குச் சொல்ல முன்பு துளை போட்ட அட்டைகள் இருந்தன. அட்டை செய்ததை எங்கள் பெட்டி செய்யும். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதில் மற்ற எல்லாவற்றையும் ஓட்டும் அடிப்படைப் புரோகிராமாக லினக்ஸ் கெர்னல். நெய்பவர் மிதியை ஒரு தடவை அழுத்தினால் மிதிக்கடியில் இருக்கும் சென்சார் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி டிசைனின் அடுத்த வரியைக் கொக்கிகளுக்குக் கொடுக்கும்.

அந்தக் கெர்னல் கண் விழிக்கும் முதல் எட்டு நொடிதான் என் வேலை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த அறை என்று பிரித்துக் கொடுக்க ஒரு மேனேஜர் உண்டு. அவர் உட்கார ஒரு மேசை வேண்டும், அறைகளைக் குறித்துவைக்க ஒரு பெரிய நோட்டு வேண்டும், அந்த நோட்டை வைக்க ஒரு இடம் வேண்டும். இடம் கொடுக்கிறவரோ அந்த மேனேஜர்தான். அவர் வருவதற்கு முன் அவருக்கே யார் இடம் கொடுப்பது? அதற்காகக் கெர்னலில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். மெம்பிளாக் என்று பெயர். அவர் கையில் இரண்டே சீட்டு. ஒன்றில் மண்டபத்தில் மொத்தம் எவ்வளவு இடம் என்று இருக்கும். இன்னொன்றில் எந்தெந்த இடம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று இருக்கும். யாராவது கேட்டால், இரண்டாவது சீட்டில் இல்லாத ஒரு இடத்தைக் காட்டுவார், அதையும் சீட்டில் குறித்துக்கொள்வார். மேனேஜர் வந்ததும் மிச்சத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வாட்ச்மேன் போய் எட்டிப் பார்க்க மாட்டார். சீட்டில் இல்லையென்றால் காலி. உள்ளே ஆள் படுத்திருந்தாலும் காலிதான். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

எங்கள் மேலதிகாரி ஜாபர் சார். உள்ளூர்க்காரர், எட்டு தலைமுறையாக இந்த ஊர் என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கடைநிலை ஆளையும் "நீங்க" என்றுதான் சொல்வார். நாம் எதையாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் பாதி விஷயங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அவர் மெமரியைக் கம்ப்யூட்டரில் வரைய மாட்டார். சேலை டிசைன் போடும் கட்டத்தாள் வாங்கி வந்து, நூற்றியிருபத்தெட்டு கட்டம் எண்ணிக் கோடு போட்டுக்கொள்வார். பெட்டியின் மெமரி நூற்றியிருபத்தெட்டு எம்பி, ஒரு கட்டம் ஒரு எம்பி. கெர்னல் வந்து இறங்கும் இடத்துக்குச் சிவப்பு. போர்டில் என்னென்ன உண்டு என்று சொல்லும் விவரப் பட்டியலுக்குச் சிவப்பு. இவையெல்லாம் வாட்ச்மேனின் இரண்டாவது சீட்டில் முதலிலேயே ஏற வேண்டியவை. மீதி வெள்ளை. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தத் தாளை மேசைமேல் விரித்து, திரையில் ஓடும் ஒவ்வொரு வரியையும் நான் படிக்க, அவர் பென்சில் நுனியால் கட்டத்தைத் தொடுவார். ஒரு வரி விடக் கூடாது. அந்த ஒழுங்குக்கு நான் இன்றைக்கும் தலைவணங்குகிறேன். என்றாலும் அந்தத் தாளில் ஒரு கட்டம் தப்பாக இருந்தது.

புதிய கெர்னல் பதிப்புக்கு மாறிய சில மாதங்களில் ஐயம்பேட்டைப் பக்கமிருந்து புகார் வந்தது. ஒரே தெருவில் மூன்று வீடு. காலையில் நன்றாக ஓடும் பெட்டி, பத்து பதினோரு மணிக்கு டிசைனில் சில வரிகளைத் தப்பாகத் தூக்கும். நெய்பவர் கவனிப்பதற்குள் நாலு விரற்கடை சேலை கெட்டுப் போயிருக்கும். தினமும் வராது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்.

அதிகம் அடிபட்டது கோமதியக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு சேலை தப்போடு போயிற்று. ஒன்றில் முந்தானையில் வரிசையாக அன்னம், நடுவில் ஒரு அன்னத்துக்கு மட்டும் கழுத்து இல்லை. பட்டும் டிசைனும் கொடுக்கிற முதலாளி தாமோதரன் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"அந்தம்மா கை சரியில்ல சார். வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சு. தறியில இப்ப இருக்கிற சேலையும் கெட்டுச்சுன்னா பெட்டிய கழட்டி வேற வூட்டுல மாட்டிடுங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

பெட்டியைக் கழற்றினால் கோமதியக்காவுக்கு டிசைன் சேலை கிடையாது. அட்டைத் தறிக்கு அவர் முதலாளி இனி டிசைன் கொடுப்பதாக இல்லை. வேறு முதலாளியும், கை சரியில்லை என்று பெயர் வாங்கியவருக்குப் பட்டு தர மாட்டார். அந்த மூன்றாவது சேலையில்தான் எல்லாம் நின்றது.

ஆபீசில் எல்லோரும் மின்சாரத்தின்மேல் பழி போட்டார்கள். ஒரே தெரு, ஒரே லைன். உப்பும் கரியும் கொட்டி எர்த் குழி தோண்டினோம். ஸ்டெபிலைசர் மாற்றினோம். எங்களில் நாலு பேர் மாறி மாறிப் போய்ப் பார்த்து, "பெட்டியில ஒண்ணுமில்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். லேபில் நான் அதே பெட்டியை இருநூறு தடவைக்குமேல் அணைத்து அணைத்துப் போட்டேன். ஒரு தடவைகூடக் கெடவில்லை. மற்றவர்களுக்கு அது நிம்மதி. எனக்கு இல்லை.

லேப்டாப்பும் கேபிளுமாக நானே கோமதியக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போனேன். பெட்டி பூட் ஆவதைச் சுத்தமாகப் பார்க்க வேண்டும் என்று, "அக்கா, கொஞ்ச நேரம் தறியில கை கால் வெக்காதீங்க. பெட்டி தயார்னு பச்சை லைட் வரட்டும்" என்றேன். ஓரமாக நின்றார். இரண்டு நாளும் சாயங்காலம் வரை ஒரு தப்பும் இல்லை.

"நீ வந்தா மட்டும் ஒழுங்கா இருக்குது தம்பி. போலீஸ்காரன் தெருவுல வந்தா திருடன் கோயில் வரிசையில நின்னுக்குவான் பாரு, அந்த மாதிரி" என்றார்.

மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, போன கரண்ட் அப்போதுதான் வந்தது. நான் நிற்பதைக் கோமதியக்கா பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டார். உடனே தறிக் குழியில் காலை இறக்கி மூன்று தடவை வெறும் மிதி மிதித்தார். தறிக்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டியில் இன்னும் சிவப்பு விளக்குதான்.

"அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? கும்பிட்டேன்."

"தெனமுமா?"

"பின்ன? கும்பிடாம உக்காருவாங்களா?"

"நான் இருந்தப்ப நீங்க இத பண்ணலியேக்கா."

"நல்லா இருக்குதுபா நியாயம்! கால வெக்காதீங்க, ஆராய்ச்சி பண்றேன்னு நீதான சொன்ன?"

அந்தத் தெருவில் மற்றவர்கள் எப்படி என்று கேட்டேன். மற்றவர்கள் பூ வைத்து, ஊதுவத்தி காட்டிவிட்டு, அப்புறம்தான் மிதியைத் தொடுவார்களாம். அதற்குள் பச்சை விளக்கு வந்துவிடும். "எங்க வகையறா மட்டும் வேற மாதிரி. தறி முழிச்ச உடனே மூணு மிதி. பூவெல்லாம் அப்புறம். முன்ன தறியில உக்காந்ததும் மிதிப்போம். இப்ப சுவிட்ச் போட்டாத்தான தறி முழிக்குது? அதனால சுவிட்ச் போட்டதும்." புகார் வந்த மற்ற இரண்டு வீடு யார் என்று கேட்டேன். ஒன்று அவர் நாத்தனார் வீடு, மற்றது கொழுந்தனார் வீடு.

அன்றைக்கு நான் மேலே ஒன்றும் பார்க்காமல் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். இரண்டு நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து, தப்பு நடக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

லேபில் ஒரு மிதியும் சென்சாரும் எடுத்துப் பெட்டியில் மாட்டினேன். வாட்ச்மேன் சீட்டைக் கையில் எடுத்தவுடனேயே, வேறு யாருக்கும் இடம் கொடுக்கும் முன்பு, காலி என்று அவர் நினைக்கும் இடம் முழுவதிலும் ஒரே எண்ணை நிரப்பும்படி சில வரிகள் எழுதிச் சேர்த்தேன். எட்டு நொடி அங்கேயே நிறுத்திவைத்து, எங்கேயாவது அந்த எண் மாறியிருக்கிறதா என்று தேடச் சொன்னேன். மிதிக்காமல் ஓட்டினேன். ஒன்றும் மாறவில்லை. மூன்று தடவை மிதித்தேன். மெமரியின் உச்சியில், கடைசிக்கு முந்தைய கட்டத்தில், இருபத்துநான்கு பைட் மாறியிருந்தது. ஐந்து தடவை மிதித்தேன். நாற்பது. ஒரு மிதிக்கு எட்டு பைட். ஒன்பதாம் தடவை வரை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நடந்தது இதுதான். கெர்னலுக்கு முன்னால் பூட்லோடர் என்று ஒரு சின்னப் புரோகிராம் ஓடும். கெர்னலைக் கொண்டுவந்து இறக்குவது அதன் வேலை. யாராவது மிதியை அழுத்தியபடி சுவிட்ச் போட்டால் கொக்கி தூக்கக் கூடாதே என்று, மிதியைக் கவனிக்க அது மிதி சென்சாரையும் முடுக்கிவிடும். சென்சார் தன் செய்தியை யாரையும் கேட்காமல் நேராக மெமரியில் எழுதும். கெர்னல் வந்ததும் பூட்லோடர் செத்துப்போகும். செத்தவர் இடம் காலி என்று ஜாபர் சார் அந்தக் கட்டத்தை வெள்ளையாக விட்டிருந்தார். ஆனால் செத்தவர் முடுக்கிவிட்ட சென்சார் சாகவில்லை. சென்சாரை ஓட்டும் கெர்னலின் சொந்தப் புரோகிராமான டிரைவர் வந்து அதை வேறு இடத்துக்குத் திருப்பும்வரை, மிதிக்கு எட்டு பைட்டாகப் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது.

பழைய பதிப்பில் வாட்ச்மேன் கீழிருந்து இடம் கொடுப்பார். அந்த எட்டு நொடிக்குள் உச்சிக்கு யாரும் போனதில்லை. புதிய பதிப்பில் உச்சியிலிருந்து கீழே கொடுக்கிறார். முதலில் அங்கே போய் உட்கார்ந்தது மேனேஜரின் பெரிய நோட்டு. எந்த அறை யாருக்கு என்று குறித்த அதே நோட்டு. கோமதியக்காவின் மூன்று மிதி அதில் மூன்று கிறுக்கல் போட்டது. கிறுக்கல் எந்த அறையின் பெயரில் விழுந்ததோ, அந்த அறையை மேனேஜர் பிறகு இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு அந்த அறையில் டிசைன் இருந்தால் பதினோரு மணிக்கு அன்னத்தின் கழுத்து போய்விடும்.

ஜாபர் சாரிடம் போனேன். கட்டத்தாளை அவரே விரித்தார். நான் பென்சிலை வாங்கி, அந்த வெள்ளைக் கட்டத்தைத் தொட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி ஏகாம்பரம். எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிடலாம். பச்சை விளக்கு வர்ற வரைக்கும் மிதியை அழுத்தக் கூடாது. களப் பொறுப்பு நீங்கதானே, கையெழுத்து நீங்க போடுங்க."

"வேணாம் சார். கெர்னல்ல அந்த இடத்தை ஒதுக்கிடலாம். வாட்ச்மேன் சீட்டுல முதல்லயே ஏத்திட்டா யாருக்கும் குடுக்க மாட்டாரு. ஒரு வரிதான்."

"ஒரு வரிதான். ஆனா வெளியில இருக்கிற ஒவ்வொரு பெட்டியிலயும் மெமரி கார்டை மாத்தணும். வீடு வீடா ஏறி இறங்கணும். யாரு போவாங்க?"

"நான் போறேன் சார்."

"சுவிட்ச் போட்ட உடனே மிதிக்கலாம்னு நாம எங்கே எழுதியிருக்கோம்?"

பத்தொன்பது வருஷமாக நான் பயந்த கேள்வி. ஆனாலும் சொன்னேன்.

"மிதிக்கக் கூடாதுன்னு எங்க சார் எழுதியிருக்கோம்? மிதி இருக்கிறது மிதிக்கத்தான். அந்தம்மா தறியை கும்பிட்டாங்க. நாம இடம் ஒதுக்கல. இந்தச் சுற்றறிக்கை போனா, மிதிச்சதுதான் தப்புன்னு தாமோதரன் முதலாளி அதை அந்தம்மா தலையிலயே கட்டுவாரு, பெட்டியையும் கழட்டுவாரு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

'மாட்டேன்' என்று அந்தக் கட்டிடத்தில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தை மூலை விடாமல் நிரப்பினார். மாற்றக் குறிப்பு என்று ஒரு படிவம் உண்டு, பொறியாளர்கள் மட்டுமே நிரப்புவது. அதை என் பக்கம் தள்ளினார். காரணம் என்ற இடத்தில், "நெய்பவர் தறியை வணங்கும் நேரத்துக்கு நாம் இடம் ஒதுக்கவில்லை" என்று எழுதினேன். தகுதி என்ற இடத்தில் மற்றவர்கள் பட்டம் எழுதுவார்கள். நான் 'ஒன்பதாம் வகுப்பு' என்று எழுதினேன். அடித்துத் திருத்தச் சொல்லவில்லை அவர்.

அந்தப் படிவத்தைக் காட்டித்தான், பட்டம் இல்லாதவர் பூட் வேலையைத் தொடக் கூடாது என்று பின்னால் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு கிடையாது. டெக்னீஷியனாகவே வெளியே வந்தேன். வரட்டுமே. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

முதல் கார்டைக் கோமதியக்கா வீட்டில் மாற்றினேன். ஜாபர் சாரும் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தறி வீட்டுக்குள் வந்து கைகட்டி நின்றார். தாமோதரன் முதலாளியும் வந்திருந்தார். மூன்றாவது சேலையின் முந்தானை தொடங்கியிருந்தது.

"சுவிட்ச் போட்டு மிதிங்கம்மா" என்றார் ஜாபர் சார்.

"நீங்க சொல்லி மிதிச்சா அது கும்பிடு இல்லீங்க. எல்லாரும் கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் கோமதியக்கா. நாங்கள் மூன்று பேரும் சுவரோரமாக ஒதுங்கினோம். சுவிட்ச் போட்டார். சிவப்பு விளக்கு. மூன்று மிதி. கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கேபிளில் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் இருபத்துநான்கு பைட் மாறியது. ஆனால் இப்போது அங்கே யாரும் இல்லை. இருந்தும் நாங்கள் கிளம்பவில்லை. பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. இடையில் கோமதியக்கா கையால் டீ வந்தது. ஒன்றரை மணிக்கு முதல் அன்னம் முடிந்தது. கழுத்து, அலகு, கண், எல்லாம் இருந்தன. பத்து நாள் விடாமல் போய்ப் பார்த்தேன். பத்தாம் நாள் சேலையை அறுத்து இறக்கும்போது முதலாளியும் ஜாபர் சாரும் மறுபடி வந்தார்கள். பன்னிரண்டு அன்னத்துக்கும் கழுத்து இருந்தது.

ஜாபர் சார் தாமோதரன் முதலாளியிடம் திரும்பினார். "தப்பு எங்களோடது. சரியாச் சொன்னா என்னோடது. அம்மா கையில ஒரு குறையும் இல்ல."

முதலாளி சேலையை மடித்துக்கொண்டே, "சரி விடுங்க சார். பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"பெட்டி இருக்கட்டும்" என்றார் கோமதியக்கா. "என் கைய பத்தி தெருவெல்லாம் சொன்னீங்களே முதலாளி. அத யாரு வந்து எடுப்பாங்க?"

முதலாளி எங்களைப் பார்த்தார். ஜாபர் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே கேபிளைச் சுருட்டினேன். வேறு வழியில்லாமல் அவர் வாசற்படிக்குப் போனார். எதிர்வீட்டில் நாத்தனார், பக்கத்தில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர்.

"கோமதி கையில ஒண்ணும் தப்பில்ல. பெட்டியிலதான் தப்பு" என்றார், தொண்டைக்குள்ளேயே.

தறிக் குழியிலிருந்து குரல் வந்தது.

"கேக்கலையே முதலாளி!"

அவர் இன்னும் இரண்டு படி இறங்கி, தெருவில் நின்று, உரக்கச் சொன்னார்.